20 சிஸ்டத்துக்கும் ஒரே ஒரு டவுன்லோட்: கிரேடில் ரீட்-ஒன்லி கேஷ ஒரு வருஷமா யூஸ் பண்ண அனுபவம்

எங்க லேப்ல மொத்தம் 20 சிஸ்டம், அதுல 14 விண்டோஸ், 6 உபுண்டு. எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு பிராட்பேண்ட் கனெக்ஷன், அதுலயும் மாசத்துக்கு இவ்வளவு ஜிபின்னு ஒரு கணக்கு இருக்கு, அத தாண்டிட்டா அப்புறம் வாட்ஸாப் படம் திறக்கவே நேரம் ஆகும். இந்த நிலைமைல ஆண்ட்ராய்ட் கிளாஸ் எடுக்கறது எப்படி இருக்கும்னு எடுத்தவங்களுக்கு தெரியும். முதல் நாள் "எல்லாரும் ஒரு புது ப்ராஜெக்ட் ஓப்பன் பண்ணுங்க"ன்னு சொன்ன உடனே 20 சிஸ்டமும் ஒரே நேரத்துல அதே லைப்ரரிகள இறக்க ஆரம்பிக்கும், கீழ அந்த நீல கோடு மெதுவா ஊர்ந்துக்கிட்டே இருக்கும், ஒன்றரை மணி நேர கிளாஸ் முடிஞ்சிடும், பசங்க ஒரு வரி கோட் கூட எழுதியிருக்க மாட்டாங்க. ரெண்டு செமஸ்டர் இப்படியே போச்சு எனக்கு. அதனால இந்த விஷயத்துல என்னென்ன வழி இருக்கோ எல்லாத்தயும் போட்டு பாத்துட்டோம், கடைசில ஒரு வருஷமா ஒரே வழில நிக்கறோம், அதப்பத்தி தான் இந்த ரிவ்யூ. கிரேடில்ங்கறது நாம எழுதின கோடயும் அதுக்கு வேண்டிய லைப்ரரிகளயும் (மத்தவங்க எழுதி வச்ச ரெடிமேட் கோட்) சேத்து ஆப்பா கட்டற டூல், இப்படி கட்டறத தான் பில்ட்னு சொல்றது. அதுல இருக்கற ரீட்-ஒன்லி டிபெண்டன்சி கேஷ், அதாவது இறக்கின லைப்ரரிகள படிக்க மட்டும் விட்டு வைக்கற ஒரு ஃபோல்டர். காசு எதுவும் இல்ல, கிரேடில் கூடவே வருது, ஆனா நான் கேட்ட பத்து பேர்ல ஒருத்தருக்கு கூட இது இருக்கறதே தெரியல.

முதல்ல என்ன இறங்குதுன்னு சொல்லிடறேன், ஏன்னா இது புரியாம தான் நாங்க பாதி தப்ப பண்ணோம். ஒரு சின்ன ஆப் பில்ட் பண்ணனும்னா முதல்ல கிரேடிலே இறங்கணும், அது ஒரு ஜிப், நூறு எம்பிக்கு மேல. அப்புறம் ஆண்ட்ராய்ட் ப்ளக்இன், அது இழுத்துட்டு வர்ற நூத்துக்கணக்கான ஜார் ஃபைல் (ஜாவா கோட கட்டி வச்ச ஃபைல்), காட்லின் கம்பைலர் ஒரு ஜார் மட்டுமே 50 எம்பிக்கு மேல வரும், அதுக்கப்புறம் தான் நம்ம ஆப்புக்கு வேண்டிய கம்போஸ் லைப்ரரி எல்லாம். இதெல்லாம் யூசரோட ஹோம் ஃபோல்டருக்குள்ள டாட் கிரேடில்னு ஒரு ஃபோல்டர்ல போய் உக்காரும். அதுக்குள்ள கேஷஸ்னு ஒண்ணு, அதுக்குள்ள மாட்யூல்ஸ்-2ன்னு ஒண்ணு. இறக்கின லைப்ரரி எல்லாம் இந்த மாட்யூல்ஸ்-2ல தான் இருக்கு, மத்ததெல்லாம் பெரும்பாலும் கிரேடில் தானா செஞ்சுக்கற வேலை. எங்க கோர்ஸ் ப்ராஜெக்டுக்கு மாட்யூல்ஸ்-2 மட்டும் 1.3 ஜிபி வந்துச்சு, அத 20ஆல பெருக்கினா 26 ஜிபி. அதே ஃபைல், அதே ரூம், 26 ஜிபி. எனக்கு வயிறு எரிஞ்சது அங்க தான்.

நாங்க முதல்ல பண்ணது எல்லாரும் பண்றது தான், ஒரு சிஸ்டத்துல பில்ட் ஓட்டிட்டு டாட் கிரேடில் ஃபோல்டர அப்படியே பென்டிரைவ்ல ஏத்தி மத்த சிஸ்டத்துல போட்டோம். அந்த ஃபோல்டர் 9 ஜிபி இருந்துச்சு, அதுவும் ஆயிரக்கணக்கான பொடிப்பொடி ஃபைல், பென்டிரைவ்ல ஏறவே முக்கால் மணி நேரம், ஒவ்வொரு சிஸ்டத்துலயும் இறங்க அதே முக்கால் மணி நேரம். அப்புறம் விண்டோஸ்ல பாதில நின்னு "ஃபைல் பேரு ரொம்ப நீளம்"னு எரர், ஏன்னா அந்த ஃபோல்டருக்குள்ள ஒவ்வொரு ஜாரும் 40 எழுத்து செக்சம் (ஃபைலுக்குள்ள இருக்கறத வச்சு கணக்கு போட்ட, கைரேகை மாதிரி ஒரு அடையாளம்) பேர்ல இருக்கற ஒரு ஃபோல்டருக்குள்ள இருக்கு, நாம அத டெஸ்க்டாப்ல நாலு ஃபோல்டருக்கு உள்ள போட்டா பாத் நீளம் 260 எழுத்த தாண்டிடும். இதுல ரெண்டு சிஸ்டத்துக்கு பென்டிரைவ் வழியா ஷார்ட்கட் வைரஸ் வேற வந்து சேந்துச்சு. சில சிஸ்டத்துல ஓடுச்சு, சில சிஸ்டத்துல லாக் எரர். காப்பி எடுக்கும்போது பின்னாடி கிரேடில் டேமன் ஓடிக்கிட்டு இருந்திருக்கு, அது பிடிச்சு வச்சிருந்த லாக் ஃபைலயும் சேத்து காப்பி அடிச்சிட்டோம்.

அடுத்து எங்க லேப் அண்ணன் ஒரு யோசனை சொன்னாரு. "மேடம், ஒரே ஃபோல்டர நெட்வொர்க்ல ஷேர் பண்ணிட்டு எல்லா சிஸ்டத்தயும் அங்கயே பாக்க சொன்னா என்ன"ன்னாரு. கேக்க நல்லா இருந்துச்சு, கிரேடில் யூசர் ஹோம்னு ஒரு செட்டிங் இருக்கு, அத ஷேர்டு டிரைவுக்கு திருப்பி விட்டோம். மூணு சிஸ்டம் வரைக்கும் ஓடுச்சு. நாலாவது சிஸ்டம் ஸ்டார்ட் பண்ணப்போ "டைம்அவுட் வெயிட்டிங் டு லாக்", இன்னொரு கிரேடில் இத யூஸ் பண்ணிக்கிட்டு இருக்குன்னு சிவப்புல வந்து நின்னுச்சு. இது ஏன்னா, கிரேடில் ஒரு ஃபோல்டர்ல எழுதறப்போ லாக் போடும், இன்னொரு கிரேடிலுக்கு அந்த லாக் வேணும்னா முதல் ஆள்கிட்ட "விடுப்பா"ன்னு கேக்கும், அந்த பேச்சு ஒரே மெஷினுக்குள்ள தான் நடக்கும், வேற வேற மெஷின்ல இருக்கற ரெண்டு கிரேடில் ஒண்ணோட ஒண்ணு பேசிக்காது. அதனால எழுதற மாதிரி இருக்கற கேஷ எத்தனை பேர் சேந்து யூஸ் பண்ணாலும் இந்த பிரச்சனை வரத்தான் செய்யும். யாராவது இத ட்ரை பண்ணலாம்னு நினைச்சா தயவுசெஞ்சு வேணாம்.

மூணாவதா நெக்ஸஸ். சோனாடைப் காரங்களோடது, ஆஃபீஸ்ல வேலை பாத்தவங்களுக்கு தெரிஞ்சிருக்கும். லேப்லயே ஒரு சிஸ்டத்த சர்வர் ஆக்கி அதுல நெக்ஸஸ் போட்டா, ஒரு பையன் ஒரு லைப்ரரி கேட்டா அது வெளில போய் எடுத்து தன்கிட்ட ஒண்ணு வச்சுக்கும், அடுத்த 19 பேருக்கு லேப் கேபிள் வழியாவே குடுக்கும். லைப்ரரிகள வச்சிருக்கற பொது கிடங்க ரெப்போன்னு சொல்லுவாங்க, அதுல மேவன் சென்ட்ரலுக்கு ப்ராக்ஸி (நடுவுல நின்னு வாங்கி தர்றது) ரெடியாவே வருது, கூகுளோட மேவனயும் கிரேடில் ப்ளக்இன் போர்ட்டலயும் நாமளே சேக்கணும். நல்ல சாஃப்ட்வேர், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா அதுக்கு 8 ஜிபி ரேமாவது உள்ள மெஷின் வேணும், நம்ம கிட்ட இருந்த பழைய ஐ3ல ஏத்தினப்போ மூச்சு வாங்குச்சு. அடுத்து, லேப்ல நெக்ஸஸ் எச்டிடிபில தான் ஓடும், யாரு போய் உள்ளூர் நெட்வொர்க்குக்கு சர்ட்டிபிகேட் வாங்கறது, ஆனா கிரேடில் 7ல இருந்து எஸ் இல்லாத எச்டிடிபி ரெப்போவ நேரா ஒத்துக்காது, "அலோ இன்செக்யூர் ப்ரோட்டோகால்"னு ஒரு வரி எழுதி தான் விட வைக்கணும். இதெல்லாத்தயும் விட பெரிய சிரமம் என்னன்னா ஒவ்வொரு ப்ராஜெக்ட்லயும் செட்டிங்ஸ் ஃபைல்ல ரெப்போ அட்ரஸ மாத்தணும், அதுலயும் ப்ளக்இன் மேனேஜ்மென்ட் ப்ளாக்ல ஒரு தடவை, டிபெண்டன்சி ப்ளாக்ல ஒரு தடவை. பசங்க கீழ உள்ளத மாத்திட்டு மேல உள்ளத மறந்துடுவாங்க, ப்ளக்இன் எல்லாம் வழக்கம்போல வெளில இருந்து இறங்கிட்டு இருக்கும். இனிட் ஸ்கிரிப்ட் (ஒவ்வொரு பில்டுக்கும் முன்னாடி கிரேடில் ஓட்டற ஒரு ஃபைல்) போட்டா எல்லா ப்ராஜெக்டுக்கும் சேத்து மாத்தலாம், ஆனா அப்போ அந்த பையன் வீட்டுக்கு போயி பில்ட் பண்ணும்போது லேப் சர்வர தேடி நிக்கும். 30 பேர் வேலை பாக்கற ஆஃபீஸ், தனியா ஒரு சர்வர், அத பாத்துக்க ஒரு ஆள்னா கண்ணை மூடிட்டு நெக்ஸஸ் போடுங்க. எங்களுக்கு சரிப்பட்டு வரல.

இப்போ விஷயத்துக்கு வரேன். 2020 ஆரம்பத்துல கிரேடில் 6.1ல ஒரு மாற்றம் கொண்டு வந்தாங்க, மாட்யூல்ஸ்-2 ஃபோல்டர ஒரு மெஷின்ல இருந்து எடுத்து இன்னொரு மெஷின்ல எந்த பாத்ல போட்டாலும் ஓடும்னு. அதுக்கு முன்னாடி அதுக்குள்ள இருந்த குறிப்புல பழைய மெஷினோட முழு பாத் எழுதியிருக்கும், அதனால காப்பி அடிச்சாலும் அது மதிக்காது. அடுத்த வெர்ஷன் 6.2ல ரீட்-ஒன்லி கேஷ்னு இத கொண்டு வந்தாங்க. கிரேடில் ஆர்ஓ டெப் கேஷ்னு ஒரு என்விரான்மென்ட் வேரியபிள், நடுவுல அண்டர்ஸ்கோர் போட்டு எல்லாமே பெரிய எழுத்துல. அதுல ஒரு ஃபோல்டர் பாத்த குடுத்துட்டா கிரேடில் ஒவ்வொரு லைப்ரரிக்கும் முதல்ல அங்க பாக்கும், இருந்தா எடுத்துக்கும், இல்லன்னா மட்டும் நெட்ல இருந்து இறக்கி யூசரோட சொந்த டாட் கிரேடில்ல வச்சுக்கும். அந்த ஃபோல்டர்ல அது ஒரு எழுத்து கூட எழுதாது, அதனால லாக்குங்கற பேச்சுக்கே இடம் இல்ல, எத்தனை பேர் வேணா ஒரே நேரத்துல படிக்கலாம்.

ப்ராஜெக்ட் ஃபைல்ல எதயும் தொட வேண்டாம்ங்கறது தான் எனக்கு இதுல ரொம்ப பிடிச்சது. பையன் அதே ப்ராஜெக்ட வீட்டுக்கு எடுத்துட்டு போனா அங்க அந்த வேரியபிள் இல்ல, வழக்கம்போல நெட்ல இருந்து இறங்கும். எதுவும் உடையாது.

நாங்க பண்ணது இப்படி. ஒரு விண்டோஸ் சிஸ்டத்துல டாட் கிரேடில சுத்தமா காலி பண்ணிட்டு கோர்ஸுக்கு வேண்டிய ப்ராஜெக்ட்கள ஒவ்வொண்ணா பில்ட் பண்ணோம். இங்க ஒரு விஷயம், டீபக் பில்ட் மட்டும் ஓட்டிட்டு முடிஞ்சுதுன்னு நினைச்சுடாதீங்க, ஏன்னா எது தேவைப்படுதோ அத அப்போ தான் கிரேடில் இறக்கும். லின்ட் (கோட்ல தப்பு இருக்கான்னு அலசற டூல்) ஓட்டாம விட்டா லின்ட்டுக்கு வேண்டிய ஜார் இறங்காது, யூனிட் டெஸ்ட் ஓட்டாம விட்டா டெஸ்ட் லைப்ரரி இறங்காது, ரிலீஸ் பில்ட் ஓட்டாம விட்டா கோட சுருக்கற வேலைக்கு வேண்டியது இறங்காது. நாங்க முதல் தடவை லின்ட்ட மறந்துட்டோம், ரெண்டு வாரம் கழிச்சு பசங்க லின்ட் ஓட்டினப்போ தான் தெரிஞ்சுது. எல்லாம் ஓட்டி முடிச்சிட்டு டேமன ஸ்டாப் பண்ணிட்டு, கேஷஸுக்குள்ள இருந்து மாட்யூல்ஸ்-2வ மட்டும் எடுத்து, அதுக்குள்ள டாட் லாக்னு முடியற ஃபைல் எல்லாத்தயும், ஜிசி டாட் ப்ராப்பர்ட்டீஸ்ங்கற ஃபைலயும் அழிச்சிட்டோம். இந்த அழிக்கற வேலைய கிரேடில் டாக்குமென்டே சொல்லுது, விட்டுடாதீங்க. அப்புறம் அத ஒரே ஜிப்பா கட்டி லேப் நெட்வொர்க்ல ஷேர் பண்ணி ஒவ்வொரு சிஸ்டத்துலயும் டி டிரைவ்ல நேரா, குட்டியா பேர் வச்ச ஒரு ஃபோல்டர்ல விரிச்சோம், அந்த 260 எழுத்து தொல்லைக்காகத்தான் குட்டி பேர். ஒரே ஜிப்பா போனதால ஒரு சிஸ்டத்துக்கு அஞ்சாறு நிமிஷம் கூட ஆகல. ஸ்டூடன்ட் லாகினுக்கு அந்த ஃபோல்டர்ல படிக்க மட்டும் பர்மிஷன்.

எல்லாரும் செய்யற ஒரு தப்பு இருக்கு, வேரியபிள்ல மாட்யூல்ஸ்-2 வரைக்கும் பாத் குடுத்துடறது. அப்படி குடுத்தா எரர் எல்லாம் வராது, கிரேடில் ஒரு வார்னிங் மட்டும் போட்டுட்டு நெட்ல இருந்து இறக்க ஆரம்பிச்சிடும், அந்த வார்னிங்க கவனிக்கலன்னா நமக்கு "இது வேலை செய்யலயே"ன்னு தோணும். மாட்யூல்ஸ்-2 எந்த ஃபோல்டருக்குள்ள இருக்கோ அந்த வெளி ஃபோல்டர குடுக்கணும். இன்னொண்ணு, வேரியபிள் வச்ச அப்புறம் ஆண்ட்ராய்ட் ஸ்டூடியோவ முழுசா மூடிட்டு திறக்கணும், ஏற்கனவே திறந்திருக்கற ஸ்டூடியோவுக்கு புது வேரியபிள் தெரியாது. உபுண்டுல பாஷ் ஆர்சி ஃபைல்ல போட்டா டெர்மினல்ல ஓடும், ஐகான அமுக்கி திறந்த ஸ்டூடியோல ஓடாது. ஈடிசிக்குள்ள என்விரான்மென்ட்னு இருக்கற ஃபைல்ல போட்டுட்டு ஒரு தடவை லாக்அவுட் பண்ணிட்டு உள்ள வாங்க, ரெண்டுலயும் ஓடும்.

உபுண்டுன்னு சொன்னதும் ஞாபகம் வருது, எங்கள ஒரு நாள் முழுக்க உக்கார வச்ச பிரச்சனை அங்க தான். விண்டோஸ்ல கட்டின அதே ஜிப்ப உபுண்டு சிஸ்டத்துல போட்டோம். ஜார்னா ஜாவா, எங்க போட்டாலும் ஓடணும், ஓடவும் செஞ்சுது, கிட்டத்தட்ட எல்லாமே. ஆனா ஆஃப்லைன்ல வச்சு பில்ட் பண்ணா கடைசில ஏஏபிடி2 கிடைக்கலன்னு நின்னுடுச்சு. போய் ஃபோல்டர திறந்து பாத்தா ஃபைல் பேரோட கடைசில "விண்டோஸ்"னு இருக்கு. ஆண்ட்ராய்டோட படம், லேஅவுட் எல்லாத்தயும் கட்டற டூல் அது, ஜார்ங்கற உறைக்குள்ள இருக்கறது அந்தந்த ஓஎஸுக்கான நிஜ ப்ரோக்ராம், அதனால விண்டோஸுக்கு ஒரு ஜார், லினக்ஸுக்கு ஒரு ஜார், மேக்குக்கு ஒரு ஜார். விண்டோஸ் மெஷின்ல பில்ட் பண்ணா விண்டோஸோடது மட்டும் தான் இறங்கும். ப்ரோட்டோபஃப் யூஸ் பண்றவங்களுக்கு ப்ரோட்டாக் கம்பைலர்லயும் இதே கதை தான். இப்போ நாங்க விண்டோஸுக்கு ஒரு ஜிப், உபுண்டுவுக்கு ஒரு ஜிப்னு தனித்தனியா கட்டறோம். ஒண்ணாவும் கட்டலாம், விண்டோஸ்ல கட்டின மாட்யூல்ஸ்-2வ உபுண்டு மெஷினோட சொந்த கேஷ்ல போட்டு அங்க ஒரு தடவை நெட்டோட பில்ட் பண்ணா விட்டுப்போனது மட்டும் சேந்துடும், ஆனா தனித்தனியா வச்சா குழப்பம் இல்ல.

இந்த கேஷ் எத பாத்துக்காதுன்னும் சொல்லிடணும். கிரேடிலோட சொந்த ஜிப் இதுல வராது, அது டாட் கிரேடில்ல ராப்பர்னு இருக்கற வேற ஃபோல்டர்ல இருக்கு, அத தனியா காப்பி பண்ணணும். அங்க ஒரு ஃபோல்டர் பேரு எழுத்தும் நம்பருமா கலந்து வரும், அது அந்த டவுன்லோட் அட்ரஸ வச்சு போட்ட பேரு, அதனால ஒரு ப்ராஜெக்ட்ல "பின்"னும் இன்னொண்ணுல "ஆல்"னும் அட்ரஸ் இருந்தா ஒரே வெர்ஷனா இருந்தாலும் ரெண்டாவது தடவை இறங்கும். நாங்க எல்லா ப்ராஜெக்டுலயும் ஒரே அட்ரஸ்னு கட்டாயமாக்கிட்டோம். ஆண்ட்ராய்ட் எஸ்டிகேவும் (ஆப் கட்ட கூகுள் குடுக்கற டூல் தொகுப்பு) இதுல வராது, அது தனி ஃபோல்டர். அப்புறம் கேஷ கட்டின கிரேடில் வெர்ஷனும் அத படிக்கற வெர்ஷனும் ஒண்ணா இருக்கறது நல்லது, உள்ள இருக்கற மெட்டாடேட்டா ஃபோல்டர் பேர்லயே ஒரு நம்பர் வரும், கிரேடில் வெர்ஷன் மாறி அந்த நம்பரும் மாறிடுச்சுன்னா பழச கண்டுக்காது. நாங்க இப்போதைக்கு 8.7லயே நிக்கறோம், செமஸ்டர் நடுவுல யாரும் வெர்ஷன் ஏத்தக்கூடாதுன்னு போர்டுல எழுதியே வச்சிருக்கேன். ஸ்டூடியோ மூலைல "அப்கிரேட் பண்ணவா"ன்னு கேக்கும், பசங்க யோசிக்காம ஓகே அமுக்கிடுவாங்க, ரெண்டு பேருக்கு அப்படி ஆகி திரும்ப எல்லாம் முதல்ல இருந்து இறங்குச்சு.

லீவ் முடிஞ்சு வந்தா நடக்கற ஒரு கூத்தும் இதால நின்னுச்சு. சாதாரண கேஷ்ல 30 நாள் தொடாத ஃபைல கிரேடில் தானா அழிச்சிடும், டிஸ்க் நிறையாம இருக்க அது நல்லது தான், ஆனா செமஸ்டர் லீவ் அதுக்கு மேல ஓடுதே. லீவ் முடிஞ்சு வந்து ஏதோ ஒரு ப்ராஜெக்ட பில்ட் பண்ணுவோம், அது தொடாத மத்த லைப்ரரி எல்லாம் காலி ஆயிடும், அடுத்த வாரம் வேற பாடத்துக்கு போனா திரும்ப டவுன்லோட். ரீட்-ஒன்லி ஃபோல்டர்ல இந்த கழிக்கற வேலை கிடையாது. வச்சது வச்ச இடத்துல இருக்கு.

போன வருஷம் ஒரு மதியம் மோடம் போயிடுச்சு, அன்னிக்கு ப்ராக்டிகல். முன்னாடியா இருந்தா கிளாஸ கலைச்சிருப்போம். ஸ்டூடியோல ஆஃப்லைன் பட்டன அமுக்க சொன்னேன், 17 பேர் வந்திருந்தாங்க, 17 பேருக்கும் பில்ட் ஓடுச்சு. முதல் பெஞ்சு பொண்ணோட ஸ்க்ரீன்ல "பில்ட் சக்சஸ்ஃபுல்"னு பச்சை டிக் வந்தப்போ லேப் அண்ணன் வந்து என் பக்கத்துல நின்னு "மேடம், நெட்டே இல்லையே"ன்னாரு. அவரு தான் அந்த 20 சிஸ்டத்துலயும் ஜிப்ப விரிச்சவரு, ஆனா அத கண்ணால பாத்தப்போ அவருக்கே நம்ப முடியல. எனக்கு அன்னிக்கு இருந்த சந்தோஷம் சொல்லி மாளாது.

இறக்கின ஒண்ண பத்திரமா வச்சுக்கறது ஏன் முக்கியம்னு எனக்கு புரிய வச்சது வேற ஒரு சம்பவம். ஜேசென்டர்னு ஒரு பெரிய ரெப்போ இருந்துச்சு, ஆண்ட்ராய்ட் பண்ணவங்க எல்லாருமே ஒரு காலத்துல அத யூஸ் பண்ணவங்க தான், புது ப்ராஜெக்ட் திறந்தா தானாவே அந்த பேர் வந்துடும். 2021 பிப்ரவரில ஜேஃப்ராக் காரங்க அத நிறுத்தப்போறோம்னு அறிவிச்சாங்க, அப்புறம் கொஞ்ச நாள் படிக்க மட்டும் திறந்து வச்சிருந்தாங்க, 2024 ஆகஸ்ட்ல இருந்து அந்த அட்ரஸ கேட்டா மேவன் சென்ட்ரலுக்கு திருப்பி விடுது. மேவன் சென்ட்ரல்லயும் இருக்கற லைப்ரரினா கவலை இல்ல, ஜேசென்டர்ல மட்டுமே இருந்த லைப்ரரினா போச்சு. எங்க சீனியர் பேட்ச் 2019ல பண்ண ஒரு ப்ராஜெக்ட இந்த வருஷ பசங்க எடுத்து வளக்கலாம்னு ஆரம்பிச்சாங்க, ஒரே ஒரு சார்ட் லைப்ரரி எங்க தேடியும் கிடைக்கல. லேப் மூலைல ரெண்டு வருஷமா ஆன் பண்ணாத ஒரு சிஸ்டம் இருந்துச்சு, அத எடுத்து தூசி தட்டி ஹார்ட் டிஸ்க்க கழட்டி வேற மெஷின்ல மாட்டி டாட் கிரேடில திறந்தா, இருக்கு. அந்த மெஷின்ல யாரும் கிரேடில் ஓட்டாததால 30 நாள் கணக்கே நடக்கல. மாட்யூல்ஸ்-2க்குள்ள ஃபைல்ஸ்-2.1னு ஒரு ஃபோல்டர், அதுல லைப்ரரி பேரு, வெர்ஷன், அதுக்குள்ள ஏஏஆர் ஃபைல் (ஆண்ட்ராய்ட் லைப்ரரியே அது தான்) ஒரு செக்சம் ஃபோல்டர்லயும் பாம் ஃபைல் (அந்த லைப்ரரிய பத்தின குறிப்பு) இன்னொரு செக்சம் ஃபோல்டர்லயும் தனித்தனியா கிடந்துச்சு, ரெண்டயும் கைல பொறுக்கி எடுத்து ப்ராஜெக்டோட லிப்ஸ் ஃபோல்டர்ல வச்சோம். ஓடுச்சு. அந்த டிஸ்க்க ஃபார்மேட் பண்ண எடுத்து வச்சிருந்தாங்கங்கறத நினைச்சா இப்பவும் திக்குன்னு இருக்கு.

ஸ்ப்ரிங் பூட் (ஜாவால சர்வர் பக்கம் எழுதறது) பண்ற பசங்களுக்கு மேவன், அதுவும் கிரேடில் மாதிரி ஒரு பில்ட் டூல். அதுலயும் டாட் எம்2 ஃபோல்டர்ல ரெப்பாசிட்டரின்னு இருக்கறத காப்பி பண்ணலாம், பெரும்பாலும் ஓடும், ஆனா கிரேடில் அளவுக்கு நிம்மதி இல்ல. ஒவ்வொரு லைப்ரரி பக்கத்துலயும் அண்டர்ஸ்கோர் ரிமோட் டாட் ரெப்பாசிட்டரீஸ்னு ஒரு குட்டி ஃபைல் இருக்கும், இந்த ஜார் எந்த ரெப்போல இருந்து வந்துச்சுன்னு அதுல எழுதி வச்சிருக்கும். காப்பி எடுத்த மெஷின்ல ரெப்போவுக்கு ஒரு பேரு, போட்ட மெஷின்ல வேற பேருன்னா, ஜார் கண்ணு முன்னாடி இருந்தாலும் "எனக்கு இது இறங்கல"ன்னு சொல்லிடும். ரெண்டு பக்கமும் செட்டிங்ஸ் ஃபைல் ஒரே மாதிரி வச்சா இந்த பிரச்சனை வராது. கோ-ஆஃப்லைன்னு ஒரு கமாண்ட் இருக்கு, எல்லாத்தயும் முன்கூட்டியே இறக்கிடும்னு சொல்லுவாங்க, ஆனா டெஸ்ட் ஓட்டற ஷுர்ஃபயர் ப்ளக்இன் தனக்கு வேண்டிய ஒரு ஜார ஓடற நேரத்துல தான் தேடும், அத இந்த கமாண்ட் பிடிக்காது. அதனால நெட்டோட ஒரு தடவை முழுசா டெஸ்ட் வரைக்கும் ஓட்டிட்டு தான் காப்பி எடுக்கணும். நெட் பாதில அறுந்து டவுன்லோட் ஆகாம போயிருந்தா லாஸ்ட்அப்டேட்டட்னு முடியற ஃபைல் கிடக்கும், அத அழிச்சிட்டு குடுங்க, இல்லன்னா அந்த தோல்வியயும் சேத்து 20 சிஸ்டத்துக்கு குடுத்தது மாதிரி ஆயிடும்.

பைத்தான்ல இத நேர்மையா சுலபமா வச்சிருக்காங்க, பிப் டவுன்லோட்னு குடுத்தா வீல் ஃபைல் எல்லாம் ஒரு ஃபோல்டர்ல சேரும், அடுத்த மெஷின்ல இண்டெக்ஸ் வேணாம் இந்த ஃபோல்டர்ல இருந்து எடுன்னு சொன்னா போதும், ஆனா ஓஎஸும் பைத்தான் வெர்ஷனும் ஒண்ணா இருக்கணும். கோ மொழில இன்னும் அழகு, அதோட மாட்யூல் கேஷ்ல டவுன்லோட்னு இருக்கற ஃபோல்டரயே ப்ராக்ஸி அட்ரஸா குடுக்கலாம். நோட் ஜேஎஸ்ல மட்டும் தயவுசெஞ்சு நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டர விண்டோஸ்ல இருந்து லினக்ஸுக்கு தூக்காதீங்க, ஈஎஸ்பில்ட் மாதிரி உள்ள பைனரி இருக்கறது எல்லாம் ஓடாது, என்பிஎம்மோட சொந்த கேஷ காப்பி பண்ணிட்டு ஆஃப்லைன்ல இன்ஸ்டால் பண்ணுங்க, இல்லன்னா வெர்டாச்சியோ போடுங்க, என்பிஎம்முக்கு நெக்ஸஸ் செய்யற அதே வேலைய செய்யும், ஆனா நெக்ஸஸ் அளவுக்கு பாரம் இல்ல.

யாரோ குடுத்த கேஷ வாங்கி போடறதுல ஒரு பயமும் இருக்கணும். ஜார்ங்கறது நம்ம மெஷின்ல ஓடப்போற கோட், யாராவது அதுல கை வச்சிருந்தா நமக்கு தெரியாது. கிரேடில் 6.2லயே டிபெண்டன்சி வெரிஃபிகேஷன்னு ஒண்ணும் வந்துச்சு, ஒவ்வொரு ஃபைலோட ஷா-256 செக்சமயும் ப்ராஜெக்டுக்குள்ள ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல்ல எழுதி வச்சுக்கும், ஒரு பைட் மாறினாலும் பில்ட் நின்னுடும். நாங்க நெட்ல இருந்து நேரா இறக்கின மெஷின்லயே அந்த ஃபைல உருவாக்கி கோர்ஸ் ப்ராஜெக்ட் எல்லாத்துலயும் வச்சிருக்கோம். வெளில இருந்து பென்டிரைவ்ல யாரு கேஷ் கொண்டு வந்தாலும் வாங்க மாட்டோம், நாங்க கட்டினத மட்டும் தான்.

மார்க் போடணும்னா ரீட்-ஒன்லி கேஷுக்கு 5க்கு 4.5. அரை மார்க் குறைச்சது ஏன்னா இத கட்டறதுக்குன்னு ஒரு தனி கமாண்ட் கிடையாது, லாக் ஃபைல அழிக்கறது, எல்லா டாஸ்கயும் ஓட்டறது எல்லாம் நாமளே பண்ணணும், தப்பான பாத் குடுத்தா ஒரு வார்னிங்கோட விட்டுடும், பில்ட நிறுத்தாது. நெக்ஸஸுக்கு ஆஃபீஸ்னா 4, எங்கள மாதிரி லேப்னா 2.5. டாட் கிரேடில அப்படியே பென்டிரைவ்ல தூக்கறதுக்கு 1. ஷேர்டு ஃபோல்டருக்கு மார்க்கே இல்ல.

எங்க கிளாஸ்ல ஒரு பொண்ணு மலை மேல இருக்கற ஊர்ல இருந்து வருது, வீட்டுல போன் டேட்டா மட்டும் தான், ஒரு நாளைக்கு 1.5 ஜிபி, அதையும் தம்பியோட பங்கு போட்டுக்கணும். முதல் செமஸ்டர்ல அசைன்மென்ட் எதுவுமே வீட்டுல பண்ண முடியாம பஸ்ஸுக்கு நேரம் ஆகற வரைக்கும் லேப்லயே உக்காந்திருக்கும். "மேம், அந்த ஜிப்ப என் லேப்டாப்லயும் போட்டு தர்றீங்களா"ன்னு அதுவே தான் வந்து கேட்டுச்சு, எனக்கு தோணவே இல்ல. விண்டோஸ் ஜிப், ராப்பர் ஃபோல்டர், எஸ்டிகே மூணயும் போட்டு வேரியபிள வச்சு குடுத்தோம், மறுநாள் காலைல ஆப்போட ஸ்க்ரீன்ஷாட்டோட வந்துச்சு. அதுக்கப்புறம் ஒவ்வொரு பேட்ச்லயும் முதல் வாரமே லேப்டாப் வச்சிருக்கற எல்லாருக்கும் போட்டு குடுத்துடறோம். ஜிப் பேர்லயே கிரேடில் வெர்ஷன், ஓஎஸ், கட்டின தேதி மூணும் எழுதி, லேப் அண்ணன் அத ஒரு தனி ஹார்ட் டிஸ்க்ல போட்டு பீரோவுல வச்சு பூட்டறாரு. ஜூன்ல புது பேட்ச் வருது, அதுக்கு முந்தின சனிக்கிழமை புதுசா ஒண்ணு கட்டணும், இந்த தடவை லின்ட்ட மறக்கக்கூடாதுன்னு அவரே ஒரு பேப்பர்ல எழுதி சர்வர் ரூம் கதவுல ஒட்டியிருக்காரு.